இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு அறிவிப்புகளும் உன் ஒரு கடிதமும்

மஹய்யாவ,
கண்டி.
2025 ஒக்டோபர் 14

என் அன்புக்குரிய மச்சான் றொட்னிக்கு,

கிளறன்ஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அக்கா மேபலும் இங்கே சுகம், என் இடது கண் ஒன்றைத் தவிர. மெல்பேர்னில் நீயும் எல்லா அவயவங்களோடும் சுகமாய் இருக்க வேண்டுமென்று அதே ஆண்டவரை மன்றாடுகிறேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கிழிக்கத்தான் உனக்குக் கை வரும். கிழி, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழி. முப்பத்தெட்டு வருஷம் லோயர் ஒபிசில் டைப் அடித்தவன் நான். எதிராளியின் வாக்குமூலத்தைக் கேட்காமல் எந்த நீதவானும் தீர்ப்புச் சொன்னதை நான் பார்த்ததில்லை. நீ எனக்கு மனைவியின் தம்பி என்ற முறையில் மச்சான் ஆவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, ஒரே பாண்டில் நீ ட்ரம்பெட் ஊத நான் ட்ரம் அடித்த காலத்திலேயே நாம் மச்சான்மார். அந்தப் பழைய உரிமையில்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். 2023ஆம் வருஷம் பெப்ரவரி மாதம் நீ எனக்கு எழுதிய ஈமெயிலை நான் போன வியாழக்கிழமைதான் வாசித்தேன். அது நம்ப முடியாத கதை என்று நினைப்பாய். நானே நம்பவில்லை. ஆகவே ஆரம்பத்திலிருந்து வருகிறேன், பொறுமையாக இரு.

2009இல் எங்கள் லோயர் ஐயா ஒருநாள் என் மேசைக்கு வந்து, “கிளறன்ஸ், இனிமே எல்லாம் ஈமெயில்தானாம், நீங்க ஒண்ணு திறந்து வைங்க” என்றார். திறந்தேன். அப்போது நம் ஒழுங்கையில் ஈமெயில் வைத்திருந்த ஒரே மனிதன் நான்தான் என்று சொன்னால் அது பெருமை இல்லை, உண்மை. சந்தியில் போன் கடை வைத்திருந்த அஸ்ஃபருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஆட்கள் புதுப் போன் வாங்குவார்கள், முகநூல் திறக்க வேண்டுமென்பார்கள், அது ஈமெயில் கேட்கும், ஒருவரிடமும் இருக்காது. அஸ்ஃபர் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தான். “அங்கிள், உங்கட அட்ரஸப் போடவா?” என்றான். “எல்லாருக்கும் ஒரே அட்ரஸ் சரிவருமாப்பா?” என்று நான் கேட்டதற்கு, “பேருக்கு நடுவுல ஒரு புள்ளி வெச்சிட்டா அதுக்கு வேற ஆள், அங்கிள். ஆனா வந்து விழுற பொட்டி ஒண்டுதான்” என்றான். இப்படியாக என் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு புள்ளி விழுந்தது. முதல் எழுத்துக்குப் பிறகு புள்ளி வைத்தால் பக்கத்து வீட்டு மூக்கையா. இரண்டாவது எழுத்துக்குப் பிறகு வைத்தால் பேக்கரிக்காரர். இரண்டு இடத்தில் வைத்தால் பேக்கரிக்காரரின் சம்சாரம். மொத்தம் பதினேழு பேர். நான் ஒருவன்தான் புள்ளியில்லாத ஆள்.

உண்மையைச் சொன்னால், மச்சான், அந்தக் காலத்தில் எனக்கு அது தொந்தரவாகவே இருக்கவில்லை. யாராவது உள்ளே நுழைய வேண்டுமென்றால் ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் எனக்குத்தான் வரும். பின்னேரமானால் வாசலில் ஆட்கள். “அங்கிள், எனக்கு நம்பர் வந்திச்சா?” என்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வைத்தியரைப் போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன். மேபல் இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றுவாள். கதிரை போதாமல் படியில் உட்காருவார்கள். நம்பரை வாங்கியவரும் உடனே போகமாட்டார். அவருக்கு வந்த நட்புக் கோரிக்கை யாருடையது, அந்த ஆள் எந்தத் தோட்டத்தில் இருந்தவர், அவருடைய மாமனார் யார் என்று பேச்சு நீளும். நாம் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போகுமுன் உன் வீட்டு முன்ஹாலில் ஆட்கள் கூடி, பாட்டு எடுக்காமல் கதை பேசிக்கொண்டிருப்பார்களே, அதே கூட்டம், அதே சத்தம். நீ இல்லாத குறை ஒன்றுதான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அஸ்ஃபர் கட்டாருக்குப் போனான். பேக்கரிக்காரர் குடும்பம் வத்தளைக்குப் போனது. எங்கள் மகள் ஷிரோமியும் கல்யாணம் முடித்து நீர்கொழும்பில். ஆட்கள் போனார்கள், ஆனால் அவர்களுடைய புள்ளிகள் என் பெட்டியிலேயே இருந்துவிட்டன.

வந்தது பார் மச்சான், மழை மாதிரி. “இன்று நான்கு நண்பர்களுக்குப் பிறந்தநாள்.” “உங்கள் படத்தைப் பற்றி ஒருவர் கருத்துச் சொல்லியிருக்கிறார்.” “பேக்கரி மாஸ்டர், உங்களை வெகு நாளாகக் காணவில்லை.” எனக்கும் தெரியும் அவரை வெகு நாளாகக் காணவில்லையென்று, அதை எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? எல்லாவற்றிலும் மோசமானது, “நீங்கள் தவறவிட்ட நாற்பத்தேழு விஷயங்கள்” என்று வரும் ஒன்று. காலையில் எழுந்து முகம் கழுவு முன்பே ஒரு மனிதனிடம் நீ நாற்பத்தேழு தவறவிட்டாய் என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? அறுபத்தொன்பது வயதில் நான் தவறவிட்டதை நானே எண்ணிக்கொள்ள மாட்டேனா? சில நாளில் ஐம்பது, அறுபது. நான் திறப்பதையே விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை மேலே இருப்பதைப் பார்ப்பேன், பெருமூச்சு விடுவேன், மூடிவிடுவேன்.

இந்த வருஷம் ஓகஸ்ட்டில்தான் வினை வந்தது. என் இடது கண்ணில் வெள்ளை படர்ந்து, ஆபரேஷன் செய்யத் திகதியை ஈமெயிலில் அறிவிப்பதாகக் கண் கிளினிக்கில் சொன்னார்கள். அறிவித்திருக்கிறார்கள். அது “மூக்கையா, உங்களுக்கு மூன்று புதிய நண்பர்கள் கிடைக்கலாம்” என்பதற்கும் “பேக்கரி மாஸ்டரின் சம்சாரம் ஆறு வருஷத்துக்கு முன் இதே நாளில் போட்ட படம்” என்பதற்கும் நடுவில் கிடந்திருக்கிறது. திகதி போய் ஐந்து நாளைக்குப் பிறகு நான் கிளினிக்கில் போய் நின்றேன். அடுத்த திகதி டிசம்பரில். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பொறந்தநாள் தெரியுது, சொந்தக் கண்ணுக்கு நாள் தெரியல்ல. இந்தச் சனியன் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு வாங்க, அதுக்குப் பொறகு சோறு” என்றாள். சோற்றை நிறுத்தவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஆனால் கறியின் தரம் குறைந்தது.

நான் எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். அந்த அறிவிப்புகளை அனுப்புகிற முகவரிக்கு ஒரு பெட்டிஷன் எழுதினேன். “மேன்மை தங்கிய ஐயா, அம்மணி, கீழே கையொப்பமிட்ட மனுதாரராகிய நான், மஹய்யாவயில் நிரந்தர வதிவாளன், மேற்படி அறிவித்தல்களை மனுதாரருக்கோ அவருடைய அயலவருக்கோ இனிமேல் அனுப்பாதிருக்கும்படி மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்” என்று ஒன்றரைப் பக்கம். முப்பத்தெட்டு வருஷ அனுபவத்தில் நான் எழுதியவற்றில் அது நல்லவற்றில் ஒன்று. ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரிக்கு யாரும் எழுத முடியாதாம், அது எழுத மட்டுமே தெரிந்த முகவரியாம். அரசாங்கக் கச்சேரியில்கூட ஒரு பியோன் வாங்கி வைப்பானே மச்சான்.

அடுத்ததாக, அறிவிப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் “இவற்றை நிறுத்த இங்கே அழுத்தவும்” என்று இருப்பதை வலது கண்ணால் கண்டுபிடித்து அழுத்தினேன். அது நேரே கூட்டிக்கொண்டுபோய் ஒரு கேள்வி கேட்டது: “உங்களுக்கு வேலாயியைத் தெரியுமா?” பக்கத்தில் ஒரு படம். பார்த்தால் நம்முடைய தெல்தோட்டை வேலாயி! உனக்கு நினைவிருக்கும். அவளுடைய கல்யாணத்துக்கு வாசிக்கப் போய்த்தானே லொறி சேற்றில் புதைந்து, நீ ட்ரம்பெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து, மாப்பிள்ளை பொன்னையாவே இறங்கி வந்து பட்டுவேட்டியோடு லொறியைத் தள்ளினார். தலை நரைத்துவிட்டது, ஆனால் அதே சிரிப்பு. பொன்னையா காலமாகி எட்டு வருஷமாகிறது. தெரியுமா என்று கேட்டால் தெரியாதென்று எப்படிச் சொல்வது? “ஆம்” என்பதை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் தெரிந்தது, நான் நின்றது என் கணக்கில் இல்லை, மூக்கையாவின் கணக்கில். சம்சாரம் இறந்து பதினொரு வருஷம் தனியாக இருக்கிற மனுஷன், தெல்தோட்டையில் இருக்கிற ஒரு பெண்ணிடம் நட்பாக இருக்கலாமா என்று கேட்டுவிட்டார், அவருக்கே தெரியாமல்.

மறுநாள் காலை மூக்கையா வாசலில். “கிளறன்ஸ் அண்ணே, யாரு இந்த வேலாயி? எனக்கு ரோசாப்பூப் படம் போட்டு குட்மோர்னிங் சொல்லுது” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். நிறுத்தப் போய் நேர்ந்த பிழை என்றும், உடனே சந்திப் போன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் ரத்துச் செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். மூக்கையா சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வந்தது வந்திருச்சு அண்ணே. பாவம், விட்டிருங்க. நானும் ஒரு பூ அனுப்பிட்டேன்” என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தெல்தோட்டைக்குப் போய் வருகிறார், ஒரு பழைய சொந்தக்காரர் இருக்கிறாராம். மேபலுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள், சட்டையில் இஸ்திரி மடிப்பைப் பார்த்து.

இதற்குமேல் என் கையால் எதையும் அழுத்துவதில்லை என்று முடிவு செய்து, போன வியாழக்கிழமை மேபலையும் கூட்டிக்கொண்டு ஜஹானாவின் கடைக்குப் போனேன். ஜஹானா உனக்குத் தெரிந்திருக்க மாட்டாள். அஸ்ஃபர் கட்டாருக்குப் போனபோது அவனுடைய கடையை எடுத்தவள். போட்டோகொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அவள்தான். வயது நாற்பது சொச்சம், யோசித்துவிட்டுத்தான் பேசுவாள். பெட்டியைத் திறந்தவள் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “அங்கிள், இது ஒரு ஆளுட பொட்டி இல்ல. இது ஒரு ஊரு” என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். வந்தபின் அழிப்பதில் பிரயோசனமில்லையாம். ஒவ்வொரு கணக்குக்குள்ளும் போய், எதற்கெல்லாம் ஈமெயில் வரவேண்டும் என்ற பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை அங்கேயே மூட வேண்டுமாம். பிறந்தநாளை மூடு, நட்புச் சிபாரிசை மூடு, தவறவிட்டதை மூடு. ஆறு இலக்க நம்பர் என் பெட்டிக்குத்தான் வருவதால் ஒவ்வொரு கதவும் திறந்தது. ஊரில் இல்லாதவர்களிடம் போனில் கேட்டுக் கேட்டு மூடினோம். எல்லோரும் சரியென்றார்கள். வத்தளையிலிருந்து பேக்கரிக்காரர் மட்டும், “இன்னுமா அங்கிள் எனக்கு உங்க வீட்டுக்குக் கடுதாசி வருது?” என்று கேட்டுவிட்டு, ஒழுங்கை மாமரம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

எல்லாக் கதவும் மூடியாயிற்று. “இனி பழசு” என்றாள் ஜஹானா. அந்த இடங்களிலிருந்து இதுவரை வந்த அத்தனையையும் ஒரு சல்லடையில் போட்டது மாதிரி ஒரு பக்கம் திரட்டினாள். இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு. “அழிக்கவா அங்கிள்?” என்றாள். “அழி” என்றேன். ஒரு தடவை அழுத்தினாள். அவ்வளவுதான், பதினாறு வருஷம். திரை வெள்ளையாகிப் போனது. அப்புறம் மெதுவாக, மிச்சமிருந்தவை மேலேறி வந்தன. முப்பத்தொன்று. இத்தனை வருஷத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு என்று உட்கார்ந்து எழுதியது என் பெட்டியில் முப்பத்தொன்றுதான். லோயர் ஐயாவின் மகன் எழுதியது ஒன்று, அவர் இறந்த சேதி. கண் கிளினிக். கோயிலிலிருந்து திருநாள் அழைப்பு. ஜஹானா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, “றொட்னி எண்டு ஒருத்தர் எழுதி ஈக்குறாரு, அங்கிள். திறக்கவே இல்லயே” என்றாள். மேபல் வாசல் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே திரும்பினாள்.

நீ தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாய். என் கண்ணுக்கு அது ஓடவில்லை. “நீயே வாசி புள்ள” என்றேன். அவள் வாசித்தாள். உனக்கு அதில் எழுதியது மறந்திருக்காது, ஆனாலும் எங்கள் காதில் எப்படி விழுந்தது என்பதற்காகச் சொல்கிறேன். நான்கு நாளைக்கு இலங்கைக்கு வருவதாகவும், வீட்டுப் பழைய லைன் போன் வேலை செய்யாததால் ஷிரோமியின் கல்யாணக் கார்டில் இருந்த ஈமெயிலுக்கு எழுதுவதாகவும் தொடங்கியிருந்தாய். மதிப்பாக இருக்குமென்று நான்தான் அதைக் கார்டில் அச்சிடச் சொன்னேன். பிறகு, “கல்யாணத்துக்கு வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய், மச்சான்” என்று எழுதியிருந்தாய். கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு காலை எழுந்தபோது உன் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வாய் கோணிவிட்டது, ட்ரம்பெட்டில் உதடு நிற்கவில்லை, மகளுக்கு ஊதுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு கண்டியில் உள்ள எல்லோருக்கும் முன்னால் அந்த வாயோடு மேடையில் நிற்க வெட்கமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். பிறகு, “நீ கோபத்தில், நான் கூப்பிடாமல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னாய். அதனால் வாசலுக்கு வரமாட்டேன். 12ஆம் திகதி ஞாயிறு பூசைக்குப் பிறகு எட்டரையிலிருந்து பத்து மணி வரை வாவிக்கரையில், பாண்டுக்காரர் லொறிக்கு நிற்கிற இடத்தில் நிற்பேன். நீயும் அக்காவும் வந்தால் உங்களோடு வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் கோபம் ஆறவில்லை என்று விளங்கிக்கொள்வேன்” என்று.

மச்சான், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்கையா வந்து எங்களிடம் சொன்னார், “உங்க றொட்னி மாதிரியே ஒருத்தர் ஏரிக்கரையில நெடுநேரமா நின்னாருங்க, தொப்பி போட்டுக்கிட்டு” என்று. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? வாவிக்கரை வரை வந்தவனுக்கு மஹய்யாவக்கு வர மனசு வரவில்லை என்று நினைத்தோம். அன்றிலிருந்து நத்தார்ப் பண்டிகைக்கு மேபல் பிறீதர் கேக் போடவில்லை. கேட்டால், “திங்கிறதுக்கு ஆள் இல்ல” என்பாள். நான் தின்பேனே என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. உன் கடிதம் பதினொரு நாளைக்கு முன்னமே வந்து என் பெட்டியில் கிடந்தது. அதற்கு மேல் அறுபது பிறந்தநாள்.

ஜஹானா வாசித்து முடித்தாள். போட்டோகொப்பி எடுக்க வந்த ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மேபல் கேட்டாள், “என்ன திகதி போட்டிருக்கான்?” “பெப்ரவரி பன்னெண்டு, அன்டி.” “அன்னைக்கு மழை” என்றாள் மேபல். “காலம் இல்லாத காலத்துல பேஞ்சிச்சு. இவன் குடை கொண்டு போற ஆள் இல்ல.” அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், “வாய் கோணிப் போனா என்ன? நேரா இருந்தப்ப மட்டும் ஒழுங்காவா ஊதினான்?” அந்தப் போட்டோகொப்பிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், கண்ணில் ஏற்கெனவே வெள்ளை இருந்ததால் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நாங்கள் பஸ் ஏறவில்லை. வாவிக்கரையைச் சுற்றிப் போனோம், அது எங்களுக்குச் சுற்றுவழி என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் இப்போது ஒரு சீமெந்து வாங்கு போட்டிருக்கிறார்கள். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். லொறி வருமுன் நீ அங்கே நின்றுகொண்டு வாத்தியத்தைத் துடைத்துத் துடைத்து, அதில் உன் முகத்தைப் பார்த்துத் தலை வாருவாயே, அதைப் பற்றி மேபல் சொன்னாள். கட்டுகஸ்தோட்டைக்கு வாசிக்கப் போன அன்று ட்ரம்மில் ஒரு பக்கம் கிழிந்து, நான் மறுபக்கத்தைத் திருப்பி வைத்து அடித்ததைப் பற்றி நான் சொன்னேன். எத்தனை கல்யாணம் வாசித்திருப்போம் மச்சான்? மேபல் இருநூறு என்கிறாள். நான் முன்னூறு என்கிறேன். உன்னிடம் கேட்டால் ஐந்நூறு என்பாய். அத்தனை பேருடைய கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போய் நின்ற நாம், நம் வீட்டுக் கல்யாணத்தில்தான் இப்படிப் பண்ணிக்கொண்டோம். நான் கோபத்தில் சொன்ன வார்த்தைக்காக எத்தனையோ பெட்டிஷன் டைப் அடித்த இந்தக் கையால் இப்போது ஒரே ஒரு வரி எழுதுகிறேன்: பிழை என்னுடையது, மன்னித்துக்கொள். இதற்கு மேல் சட்ட வார்த்தை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே உனக்கு ஈமெயிலில் பதில் எழுதச் சொன்னேன். ஜஹானா அனுப்பினாள், அது திரும்பி வந்தது. நீ வேலை செய்த கம்பெனியின் முகவரியாம் அது, அங்கே அப்படி ஒருவர் இப்போது இல்லையாம். ஓய்வு எடுத்துவிட்டாய் போலும். ஆகவே 2017 நத்தார் கார்டின் உறையில் இருந்த உன் வீட்டு விலாசத்துக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். நீ வீடு மாறியிருந்தால் அங்கே இருக்கிற புண்ணியவான் யாராவது உன்னிடம் சேர்க்கட்டும். நான் கூப்பிடுகிறேன், மச்சான். வாசலுக்கு வா. டிசம்பரில் என் கண் ஆபரேஷன். கட்டு அவிழ்த்ததும் பார்க்கக் கிடைப்பது உன் முகமாக இருக்கட்டும், எந்தப் பக்கம் கோணியிருந்தாலும் சரி.

உன் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். உன் பயணங்களிலும் உன் படுக்கையிலும் தேவமாதா துணை நிற்கட்டும் என்று ஒவ்வொரு இராச்செபத்திலும் உன் பெயரைச் சேர்த்திருக்கிறோம், கோபமாக இருந்த வருஷங்களிலும் சேர்த்தே இருந்தோம்.

என்றும் உன் அன்பு மச்சான்,
கிளறன்ஸ்

பி.கு. ஒக்டோபர் 18. இந்தக் கடிதத்தை மூன்று தரம் திருத்தி, சுத்தப் பிரதி எடுத்து, உறையில் போட்டுக்கொண்டு தபால் கந்தோருக்குப் புறப்பட்டபோது, பின் வராந்தாவில் உன் அக்கா போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டேன். நீயாம். ஒன்பது நாளாகத் தினமும் பேசுகிறீர்களாம்! நான் இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்து எழுதிக்கொண்டிருக்கும்போது நீ டிசம்பர் பத்தாம் திகதிக்கு டிக்கட்டும் போட்டுவிட்டாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க ரசிச்சு எழுதிட்டிருந்தீங்க, கெடுக்க மனசு வரல்ல” என்கிறாள்.

எப்படி உன்னைப் பிடித்தாள் என்றுதான் முதலில் எனக்கு விளங்கவில்லை. அன்று என்னை வீட்டில் விட்டுவிட்டு மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லி நேரே ஜஹானாவிடம் திரும்பப் போயிருக்கிறாள். அழித்தவை முப்பது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்குமாம். “அதுக்குள்ள எந் தம்பி பேர் இருக்கானு பாரு புள்ள” என்றிருக்கிறாள். இருந்திருக்கிறது, மச்சான். ஒன்றிரண்டில்லை. கோயில் பாட்டுக்குழுவின் முகநூல் பக்கமும் என் பெயருக்குள் ஒரு புள்ளி வைத்துத்தான் திறந்ததாம், நானே மறந்துவிட்டேன். ஷிரோமியின் கல்யாணப் படங்கள் அதில் ஏறிய நாளிலிருந்து “றொட்னி உங்கள் படத்தை விரும்புகிறார்”, “றொட்னி உங்கள் படத்தை விரும்புகிறார்” என்று நூற்றுக்கு மேல். வருஷா வருஷம் “இன்று றொட்னியின் பிறந்தநாள், வாழ்த்துங்கள்” என்று வேறு. அந்தப் பெயரை அழுத்தி உன் பக்கத்துக்குப் போய், அங்கிருந்தே ஜஹானா உன்னைப் போனில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஏழு வருஷம் நீ வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய், நான் அதைத்தான் சனியன் என்று நிறுத்தப் பாடுபட்டிருக்கிறேன். அந்த இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினாறையும் மேபல் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். மூடிய கதவுகளையும் திறக்கச் சொல்லிவிட்டாள். இன்று காலை மட்டும் எழுபத்திரண்டு வந்திருக்கிறது, நான் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

முத்திரை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை எப்படியும் அனுப்புகிறேன். மூன்று கிழமையில் கிடைக்கும் என்கிறார்கள். இதோ மேபல் போனை என் பக்கம் நீட்டுகிறாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை, உன்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் இந்த உறைக்குள் போய்விட்டது. ஆகையால் கடிதம் வந்து சேரும்வரை நாம் காலநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.